பஞ்சு தூசியா, பீடிப் புகையா? விடாத இருமலுக்கு என்ன காரணம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மில் வேலைக்குப் போறீங்களா? விடாம இருமல் வந்தா, 'எல்லாம் பஞ்சு தூசிதான்'னு விட்டுடாதீங்க. பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் ஆபத்து அதிகம்.

ஏன் அப்படி?
மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் நுண்ணிய முடிகள்தான் தூசியையும் சளியையும் மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. புகை அவற்றை முடக்கிவிடும். சளி தேங்கும், உள்ளே போன தூசியும் தங்கிவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?
* வருஷத்துக்கு 3 மாதமாவது, தொடர்ந்து 2 வருஷம் சளியோடு இருமல் இருந்தால், அது நாள்பட்ட பிராங்கைட்டிஸாக இருக்கலாம்.
* லீவு முடிந்து மில்லுக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கினால், பஞ்சு தூசி பாதிப்பாக இருக்கலாம்.

என்ன செய்யணும்?
டாக்டரிடம் வேலை, புகைப்பழக்கம் ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க. புகையை விட, 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.