பிங்க் ஷூ லேஸும் ஒரு தோற்ற ஃபைனலும்

2007 மார்ச். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்போரோ நகரம். டியூக் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி அந்த சீஸனில் அதுவரை 30 ஆட்டங்கள் ஆடியிருந்தது. முப்பதிலும் வெற்றி. நாட்டிலேயே நம்பர் ஒன் அணி. செமி ஃபைனலில் அவர்களுக்கு எதிராக இறங்கியது, பக்கத்து நகரமான ராலேயைச் சேர்ந்த என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழக அணி.

ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 70-65. தோற்றது டியூக்!

ஜெயித்த பெண்களின் ஷூக்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். எல்லோரும் பிங்க் நிற லேஸ் கட்டியிருந்தார்கள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் நிறம் அது. ஓரத்தில் உட்கார்ந்து அவர்களை வழிநடத்திய கோச் கே யோவுக்கு வயது 64. புற்றுநோய்க்கான சிகிச்சை அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

அது என்ன போட்டி என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற அமைப்புகளாகப் பிரிந்து நடக்கின்றன. நம்மூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு மண்டலப் போட்டிகள் இருக்கின்றன இல்லையா, கிட்டத்தட்ட அதுபோல. சீஸன் முடிவில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனியாக ஒரு கோப்பைப் போட்டி நடத்தும். அதில் ஜெயிக்கும் அணிக்கு தேசியப் போட்டியில் நேரடி இடம். நாக் அவுட் முறை என்பதால் ஒரு ஆட்டம் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மறுநாளே அடுத்த ஆட்டம், அதற்கு மறுநாள் இன்னொன்று என்று வருவதால் கால்களுக்கு ஓய்வே கிடைக்காது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ‘அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்’, சுருக்கமாக ஏ.சி.சி., 1953-ல் தொடங்கியது. ஆண்களுக்கான கோப்பைப் போட்டி அடுத்த வருடமே வந்துவிட்டது. வட கரோலினாவில் அது திருவிழா மாதிரி. ஆட்டம் நடக்கும் நாளில் வகுப்பறைக்கு டி.வி. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த ஆசிரியர்கள் அங்கே உண்டு.

பெண்களுக்கு அந்தக் கோப்பை வர 1978 ஆனது. 24 வருடக் காத்திருப்பு.

அதற்கும் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-ல் வந்தது. அதன் பிறகுதான் கல்லூரிகள் பெண்கள் அணிக்கு கோச், உதவித்தொகை, பயணச் செலவு என்று யோசிக்கவே ஆரம்பித்தன. இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ., பெண்களுக்கு தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தியது 1982-ல்தான். பெரியவர்கள் கதவைத் திறப்பதற்கு நான்கு வருடம் முன்பே ஏ.சி.சி. பெண்கள் தங்கள் கோப்பைக்கு மோதத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் போட்டி வர்ஜீனியாவில் உள்ள சார்லட்ஸ்வில்லில் நடந்தது. கோப்பையைத் தூக்கியது மேரிலாண்ட். கிறிஸ் வெல்லர் என்ற பெண் பயிற்சியாளரின் கீழ் அந்த அணி 1978-க்கும் 1989-க்கும் இடையில் எட்டு முறை ஜெயித்தது. அப்படி ஆண்ட அணி 2014-ல் வேறு கான்ஃபரன்ஸுக்கே போய்விட்டது. காரணம் பெரும்பாலும் பணம்தான், அது தனிக் கதை.

கோப்பை கிடைத்தாலும் பெண்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கவில்லை. ஃபயட்வில், ராக் ஹில், சார்லட் என்று போட்டி ஊர் ஊராகப் போனது. 2000-ல்தான் ஆண்கள் பலமுறை ஆடிய கிரீன்ஸ்போரோவின் பெரிய அரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு பல வருடங்கள் அங்கேயே வேர் பிடித்திருந்தது. 2017-ல், திருநங்கை, திருநம்பியர் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பது பற்றி வட கரோலினா அரசு போட்ட சட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்து, போட்டியைத் தென் கரோலினாவுக்கு மாற்றினார்கள்.

கிரீன்ஸ்போரோவுக்குப் பக்கத்தில் கிப்ஸன்வில் என்று ஒரு சின்ன ஊர். கே யோ பிறந்தது அங்கேதான். ஆங்கில ஆசிரியை வேலை கேட்டுப் போன இடத்தில், ‘பெண்கள் கூடைப்பந்து அணிக்கும் பயிற்சி கொடுத்தால் வேலை’ என்றார்கள். சரி என்று சொன்னவர்தான், கடைசியில் 737 கல்லூரி வெற்றிகளோடு நின்றார்.

1975-ல் என்.சி. ஸ்டேட்டுக்கு வந்தார். 1980, 1985, 1987, 1991 என நான்கு ஏ.சி.சி. கோப்பைகள். மூன்றாவது கோப்பை வாங்கிய அதே வருடம்தான் மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, அடுத்த வருடமே சியோல் ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் போய்த் தங்கத்தோடு திரும்பினார். 2004-ல் நோய் மறுபடி வந்தது. 2006 இறுதியில் இன்னொரு முறை. இந்தத் தடவை 16 ஆட்டங்களுக்கு விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

2007 ஜனவரி கடைசியில் திரும்பி வந்தார். சுமாராக ஆடிக்கொண்டிருந்த அணி வேறு அணியாக மாறியது. பிப்ரவரியில் சொந்த அரங்கத்தின் ஆடுகளத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அன்று பரம எதிரியான சாப்பல் ஹில் அணியையே வீழ்த்தினார்கள். அது அப்போது நாட்டின் இரண்டாவது இடத்தில் இருந்த அணி. அதற்கு அடுத்த மாதம்தான் டியூக் விழுந்தது.

அந்தக் காலத்து ஏ.சி.சி. எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. முந்தைய வருடம், 2006-ல், தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் மூன்று இந்த ஒரே கான்ஃபரன்ஸைச் சேர்ந்தவை. ஃபைனலில் மேரிலாண்ட், டியூக்கைத் தோற்கடித்தது. ஆனால் அந்த வருட ஏ.சி.சி. கோப்பை இந்த இரண்டுக்கும் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்தது சாப்பல் ஹில்!

2007 ஃபைனலிலும் அதே சாப்பல் ஹில் காத்திருந்தது. 60-54 என்று என்.சி. ஸ்டேட் தோற்றது. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் கதையை மாற்றியிருப்பார்கள். ஆனாலும் அந்த வருடத்தைப் பற்றி இன்று பேசும்போது ஜெயித்த அணியைவிடத் தோற்ற அணியின் ஷூ லேஸ்தான் அதிகம் நினைவுக்கு வருகிறது.

அதே வருடம் அவர் பெயரில் புற்றுநோய் நிதி தொடங்கப்பட்டது. பெண்கள் அணிகள் பிங்க் உடையில் ஆடி, ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் வழக்கம் நாடு முழுக்கப் பரவியது. 2009 ஜனவரி 24-ல், 66 வயதில் கே யோ காலமானார். தன் இறுதிச் சடங்கில் போடுவதற்கான வீடியோவை அவரே முன்கூட்டிப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார்.

என்.சி. ஸ்டேட்டுக்கு அடுத்த கோப்பை கிடைக்க 2020 ஆனது. 1991-க்குப் பிறகு 29 வருடம். ஃபைனலில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணியை 71-66 என்று ஜெயித்தார்கள். அணியின் கோச் வெஸ் மூர், தொண்ணூறுகளில் கே யோவிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

அது மார்ச் 8. நான்கே நாளில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அதே கிரீன்ஸ்போரோ அரங்கத்தில் நடந்துகொண்டிருந்த ஆண்கள் போட்டி பாதியில் நின்றது. தேசியப் போட்டிகளும் ரத்து. அந்த வருடம் அந்த அரங்கத்தில் கடைசிவரை ஆடி முடித்துக் கோப்பை வாங்கியவர்கள் பெண்கள் மட்டும்தான்.

அடுத்த வருடம் 58-56 என்று கடைசி நொடிகளில் மறுபடி ஜெயித்தார்கள். 2022-லும் கோப்பை அவர்களுக்கே.