சீல் பிரிக்காத உறைக்குள் பழைய ஹார்டு டிஸ்க்

கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஸ்கேன் சென்டர் நடத்துபவர்கள், ஆடிட்டர்கள் என்று பலர் இன்று அலுவலக மூலையில் ஒரு நாஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள். நான்கைந்து டிஸ்க்குகளைச் செருகி, நெட்வொர்க் வழியாக எல்லாக் கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தும் பெட்டி அது. விவரம் தெரிந்தவர்கள் அதற்கு டேட்டா சென்டர்களுக்கென்றே தயாரான ‘என்டர்பிரைஸ்’ டிஸ்க்கைத் தேடி வாங்குகிறார்கள். இது நியாயமான தேர்வுதான். சீகேட் நிறுவனத்தின் எக்ஸோஸ் போன்ற டிஸ்க்குகள் இரவு பகலாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஐந்து ஆண்டு வாரண்டியும் உண்டு. ஆனால் இந்த டிஸ்க்கைச் சுற்றித்தான் அண்மையில் ஒரு பெரிய மோசடி வெளிவந்தது.

2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனம், புதியவை என்று விற்கப்பட்ட எக்ஸோஸ் டிஸ்க்குகள் பல ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று வெளியிட்டது. வாசகர்கள் தங்கள் டிஸ்க்கைச் சோதித்து ஒவ்வொருவராக எழுத, புகார்கள் குவிந்தன. 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடிய டிஸ்க்குகள் அவற்றில் இருந்தன. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம்தான். அப்படியானால் 50,000 மணி நேரம் ஓடிய டிஸ்க், வாரண்டிக் காலம் முழுவதும் நிற்காமல் உழைத்துத் தீர்ந்த டிஸ்க். சந்தேகத்துக்குரிய சிறு கடைகளில் வாங்கியவர்களோடு, நல்ல பெயர் எடுத்த விற்பனையாளர்களிடம் வாங்கியவர்களும் ஏமாந்திருந்தார்கள்.

இவ்வளவு பழைய டிஸ்க்குகள் எங்கிருந்து வந்தன? சியா என்ற கிரிப்டோ நாணயத்தின் பக்கம் சந்தேகம் திரும்பியது. டிஸ்க்கில் எவ்வளவு இடத்தை நிரப்பி வைத்திருக்கிறோமோ அதற்கேற்ப வருமானம் தரும் நாணயம் அது. 2021-இல் அது சந்தைக்கு வந்தபோது பெரிய டிஸ்க்குகளை மொத்தமாக வாங்கி அடுக்கி, ‘பண்ணைகள்’ அமைத்தார்கள். நாணயத்தின் விலை சரிந்ததும், சீனாவிலிருந்த அத்தகைய பண்ணைகளின் டிஸ்க்குகள் சந்தைக்குத் திரும்பின என்பது கணிப்பு. 2025 மே மாதம் மலேசியாவில், கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் சீகேட்டின் பாதுகாப்புக் குழுவும் உள்ளூர் அதிகாரிகளும் சோதனையிட்டபோது, பழைய டிஸ்க்குகளைத் துடைத்து, பதிவுகளை அழித்து, புது லேபிள் ஒட்டும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. சுமார் 700 சீகேட் டிஸ்க்குகள் அங்கு கிடைத்தன.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் வயதைத் தானே குறித்து வைத்திருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை மின்சாரம் ஏறியது, எத்தனை செக்டர்கள் பழுதாயின என்ற இந்தப் பதிவுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். பழைய காரின் கிலோமீட்டர் கணக்கைத் திருப்பி வைப்பதுபோல இதைப் பூஜ்யமாக்கித்தான் விற்றார்கள். அவர்கள் மறந்தது சீகேட் டிஸ்க்குகளில் உள்ள ‘ஃபார்ம்’ என்ற இன்னொரு பதிவை. ஸ்மார்ட்டில் 0 மணி, ஃபார்மில் 20,000 மணி என்று வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து இந்தப் பதிவைப் படிக்கலாம். இரண்டும் ஒத்துப்போனாலும் அதை மட்டுமே நம்பிவிடாதீர்கள், ஏமாற்றுபவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். கேபிள் செருகும் இடத்தில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அந்த டிஸ்க் முன்பே எங்கோ செருகி எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. திருகு ஓட்டைகளின் விளிம்பில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா, லேபிளின் மூலை தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போடுங்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்றோ, வேறொரு நிறுவனத்தின் சர்வருக்காக விற்கப்பட்ட டிஸ்க் என்றோ வந்தால், அதைத் தயாரிப்பாளரின் முழு வாரண்டியுள்ள புதிய டிஸ்க் என்று விற்க யாருக்கும் உரிமை இல்லை.

பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் ‘ரெய்டு’ முறையை நம்பி, ‘ஒன்று போனால் மற்றவை காப்பாற்றும்’ என்று நிம்மதியாக இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. ரெய்டு 5 முறையில் ஒரு டிஸ்க் போனால், புது டிஸ்க்கைப் போட்டு மீதி டிஸ்க்குகளை முழுக்கப் படித்துத் தரவைத் திரும்பக் கட்ட வேண்டும். 16 டெராபைட் டிஸ்க் என்றால், நொடிக்கு 250 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் ஏறக்குறைய 18 மணி நேரம். அவ்வளவு நேரமும் மீதி டிஸ்க்குகள் இடைவிடாமல் உழைக்கும். பெட்டியில் உள்ள எல்லாமே ஒரே பண்ணையில் ஒரே வயதில் களைத்தவை என்றால், இரண்டாவது டிஸ்க் அந்த 18 மணி நேரத்துக்குள் போக வாய்ப்பு அதிகம். அப்படிப் போனால் எல்லாமே போச்சு. தனியாக, வேறு இடத்தில் ஒரு பேக்கப் இல்லாமல் ரெய்டை மட்டும் நம்புவது மிகவும் ஆபத்து.

செப்பனிட்ட டிஸ்க் விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ‘ரீஃபர்பிஷ்டு’ என்று சொல்லி, விலையைக் குறைத்து, வாரண்டியைத் தெளிவாக எழுதி விற்றால் அது நேர்மையான வியாபாரம். சொல்லாமல் விற்பதைத்தான் சட்டம் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளையோ செப்பனிட்ட பொருளையோ புதியது என்று காட்டுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவில் நேரடியாகவே சொல்கிறது. பில் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப வாங்க வேண்டும்; பில்லில் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் துணைக்கு வரும். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், ‘இது நாங்கள் கொடுத்த டிஸ்க்கே இல்லை’ என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். உறை பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஒரு ஃபைலைக்கூட எழுதுவதற்கு முன் ஸ்மார்ட் பதிவைப் படம்பிடித்து வையுங்கள்.

கடையோ தளமோ கைவிரித்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு இருக்கிறது. தனியாளாக ஸ்டூடியோ நடத்தும் வீடியோகிராஃபர் அதைக் கேட்கலாம். பெரிய நிறுவனத்துக்கு அந்த வழி அடைபட்டுவிடும். அவர்கள் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆகவே கொள்முதல் ஆர்டரிலேயே ‘புதியது, தயாரிப்பாளரின் முழு வாரண்டியுடன்’ என்று எழுதுவது அவர்களுக்கு மிகவும் அவசியம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் உள்ள தரவும் சேர்ந்தே போகிறது. அமெரிக்காவில் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் பழைய டிஸ்க்குகளை ஒப்படைத்தது; வாடிக்கையாளர் விவரங்களோடு அவற்றில் சில ஏலத் தளத்தில் விலைபோயின. 2022-இல் அதற்காக 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. மோட்டார் நின்றுபோன டிஸ்க்கில் உள்ள தரவை நாம் அழிக்கவும் முடியாது. அதனால் நாஸ் பெட்டியை அமைக்கும் அன்றே என்கிரிப்ஷனைப் போட்டு, சாவியைப் பெட்டிக்கு வெளியே பத்திரப்படுத்தி வையுங்கள். பிறகு டிஸ்க்கைக் கடைக்காரரிடமோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்தாலும், நோயாளியின் ஸ்கேனையோ மணமக்களின் வீடியோவையோ யாரும் திறக்க முடியாது.