தேதி மீள்தொடக்கச் சிக்கல் (தொழிலக இயந்திரங்கள்)

தேதி மீள்தொடக்கச் சிக்கல் என்பது, இயந்திரங்களை இயக்கும் மின்னணுக் கட்டுப்படுத்திகளில் ஆண்டையோ நேரத்தையோ குறிக்கும் எண், தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் எல்லையை எட்டியதும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்புவதால் ஏற்படும் பிழைகளைக் குறிக்கும். பரவலாக அறியப்பட்ட 2000 ஆம் ஆண்டுச் சிக்கல் இவ்வகையைச் சேர்ந்தது. அது முடிந்த பின்னரும் வேறு எல்லைகள் உள்ளன. 2038 ஆம் ஆண்டுச் சிக்கல் அவற்றுள் ஒன்று.

திரையில் தேதி தவறாகத் தெரிவது சிறு குறையே. அத்தேதியைக் கொண்டு இயந்திரம் முடிவெடுக்கும்போதும், அத்தேதியுடன் கூடிய பதிவை மற்றவர் சான்றாகக் கொள்ளும்போதும் அது இழப்பாக மாறுகிறது. ஆகவே, எவ்விடங்களில் தேதி பயன்படுகிறது என அறிவதே திருத்தத்தின் முதற்படி ஆகும்.

எளிய விளக்கம்

பின்னலாடைத் தொழிலில் பயன்படும் வட்டப் பின்னல் இயந்திரத்தில், உருளை சுற்றிய எண்ணிக்கையைக் காட்டும் எண்ணி ஒன்று உண்டு. குறித்த சுற்றுகள் முடிந்ததும் இயந்திரம் நிற்க, ரோல் எனப்படும் துணிச்சுருள் வெட்டி எடுக்கப்படும். நான்கு இலக்க எண்ணியில் 9999 இற்கு அடுத்த சுற்றில் 0000 தோன்றும். பத்தாயிரமாவது சுற்று உண்மையில் நிகழ்ந்துள்ளது. அதை எழுத எண்ணியில் இடமில்லை. தேதியிலும் இதுவே நிகழ்கிறது.

நினைவகம் விலை மிகுந்திருந்த காலத்தில் ஆண்டை இரு இலக்கங்களில் சேமிப்பது வழக்கமாக இருந்தது. மோட்டோரோலா நிறுவனத்தின் எம்சி146818 என்னும் நிகழ்நேரக் கடிகாரச் சில்லு 00 முதல் 99 வரையிலான ஆண்டுகளை மட்டும் எண்ணும். நூற்றாண்டைக் கவனிப்பது மென்பொருளின் பொறுப்பு. பிலிப்ஸ் நிறுவனத்தின் பிசிஎஃப்8583 சில்லில் ஆண்டுக்கு இரண்டு பிட்டுகள் மட்டுமே உள்ளன. அதாவது அது 0, 1, 2, 3 என எண்ணி மீண்டும் 0 இற்குத் திரும்பும். நெட்டாண்டைக் கணக்கிட இது போதும். ஆனால் 3 இலிருந்து 0 ஆகும் தருணத்தை மென்பொருள் கவனித்து நான்கு ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளத் தவறினால், இயந்திரத்தின் தேதி நான்கு ஆண்டுகள் பின்னே போய்விடும்.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூரில் பின்னுதல், சாயமிடல், காம்பாக்டிங், அச்சிடல், தையல் ஆகிய பணிகள் பெரும்பாலும் தனித்தனித் தொழிற்கூடங்களில், ஜாப் ஒர்க் எனப்படும் கூலி முறையில் நடைபெறுகின்றன. நடுவண் அரசு 1999 ஏப்ரல் 1 இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், இயந்திரக் கடனுக்கான வட்டியில் ஒரு பகுதியை ஈடு செய்தது. நாடெங்கும் துணித்தொழிலில் புதிய இயந்திரங்கள் வாங்கப்பட இது வழிவகுத்தது. வெளிநாடுகளில் பயன்படுத்தப்பட்ட பழைய இயந்திரங்களும் திருப்பூரில் இறக்குமதி செய்யப்பட்டு வந்துள்ளன. இயந்திரத்தின் இரும்புப் பாகங்கள் பல பத்தாண்டுகள் உழைக்கும். கட்டுப்படுத்தியைத் தயாரித்தவர் அவ்வளவு காலம் உதிரிப்பாகமோ மென்பொருள் திருத்தமோ அளிப்பதில்லை. கட்டுப்படுத்தியை மாற்றுவது சிறு தொழிற்கூடத்திற்குப் பெருஞ்செலவாகையால், பழையதைச் சரிசெய்து பயன்படுத்தும் தேவை எழுகிறது.

இங்கு தேதி பயன்படும் இடங்கள் சில:

- சாயமிடும் இயந்திரம்: லாட் எனப்படும் ஒவ்வொரு சாயத் தொகுதியின் தொடக்கமும் முடிவும் தேதியுடன் பதியப்படும். நிறவேறுபாடு குறித்து ஆடை ஏற்றுமதியாளர் முறையிட்டால் இப்பதிவே ஆதாரம்.
- பின்னல் இயந்திரம்: ஷிப்டு வாரியாக உற்பத்தி கணக்கிடப்படும். கூலி வாரந்தோறும் சனிக்கிழமையில் வழங்கப்படும் இடங்களில் கிழமை தவறினால் வாரக் கணக்கும் தவறும்.
- காற்றமுக்கி, கொதிகலன் போன்றவை: பராமரிப்பு நாள் கடந்துவிட்டதாகக் கருதி எச்சரிக்கை எழுப்பலாம்.
- பாய்வுமானி: கழிவுநீர் அளவு நாள், நேரத்துடன் பதியப்படும்.

இறுதியாகக் கூறப்பட்டது திருப்பூரில் தனி முக்கியத்துவம் உடையது. நொய்யல் மாசடைந்தது குறித்து விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டும் வரை சாய, சலவை ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 இல் ஆணையிட்டது. ஆலைகள் மீண்டும் இயங்குவதற்கு அந்நிலையை எட்டுவதும் அதனை மெய்ப்பிப்பதும் தேவையாயின. 2005 எனத் தேதியிட்ட ஓர் அளவீடு, அளவு சரியாகவே இருப்பினும், இன்றைய நிலைக்குச் சான்றாகாது.

தேதியும் கால அளவும்

கட்டுப்படுத்தி கையாளும் நேரம் இரு வகைப்படும். ஒன்று நாட்காட்டித் தேதி; மற்றது ஒரு செயல் தொடங்கியதிலிருந்து கடந்த கால அளவு. துணியின் தரம் பெரும்பாலும் இரண்டாவதையே சார்ந்துள்ளது. பருத்திப் பின்னல் துணிக்கு வினைச் சாயம் இடும்போது, சாயமும் உப்பும் சோடாவும் சேர்த்த பின்னர், பல சாயங்களுக்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் குறித்த நேரம் வைத்திருக்க வேண்டும். நேரம் குறைந்தால் சாயம் முழுமையாகப் பற்றாது.

இந்நேரம் 60 நிமிடம் எனவும், கட்டுப்படுத்தியிலுள்ள நான்கு இலக்க நிமிட எண்ணி 9970 இல் இருக்கும்போது இச்செயல் தொடங்கியது எனவும் கொள்வோம்.

முதல் முறையில் நிரல் முடிவு நேரத்தை முன்னரே கணக்கிடுகிறது: 9970 + 60 = 10030. ஐந்தாம் இலக்கத்திற்கு இடமில்லாததால் 0030 என்றே சேமிக்கப்படும். அடுத்த கணம் "தற்போதைய எண் முடிவு எண்ணைவிடப் பெரியதா" என நிரல் சோதிக்கும். 9970 என்பது 30 ஐ விடப் பெரியது. எனவே தொடங்கிய உடனேயே செயல் முடிந்ததாகக் கருதப்பட்டு, சாயநீர் வடிக்கப்பட்டுவிடும்.

இரண்டாம் முறையில் நிரல் கடந்த நேரத்தைக் கழித்தறிகிறது. எண்ணி 0030 ஐக் காட்டும்போது 30 − 9970 என்பது எதிர்ம எண். நான்கு இலக்கச் சுழற்சியில் 10000 ஐக் கூட்டினால் 60 கிடைக்கும். இது சரியான விடை. அளக்கப்படும் நேரம் எண்ணியின் முழுச் சுற்றைவிடக் குறைவாக இருக்கும் வரை இம்முறை தவறாது. குறியற்ற முழு எண்களைக் கழிக்கும்போது நுண்செயலி இதனைத் தானாகவே செய்கிறது.

உண்மைக் கட்டுப்படுத்திகளில் மில்லிநொடிகளை 32 பிட்டுகளில் எண்ணுவது பரவலான வழக்கம். இவ்வெண்ணி 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடத்தில், ஒவ்வொரு நிறுத்தமும் எண்ணியைச் சுழியாக்கிவிடுவதால் இப்பிழை வெளிப்படாமல் இருக்கும். மின்வழங்கல் சீரடைந்து, இயந்திரம் இரு மாதங்கள் இடைவிடாது இயங்கும்போதே அது முதன்முறையாகத் தோன்றும். "இத்தனை ஆண்டுகள் நன்றாக ஓடியது" என்பது பிழையின்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

1996 நெட்டாண்டு நிகழ்வு

தொழிலகக் கட்டுப்படுத்திகளில் நன்கு அறியப்பட்ட தேதிப் பிழை நியூசிலாந்தின் டிவாய் பாயின்ட் அலுமினிய உருக்காலையில் நிகழ்ந்தது. 1996 நெட்டாண்டாகையால் டிசம்பர் 31 அவ்வாண்டின் 366 ஆம் நாள். கட்டுப்பாட்டு மென்பொருள் இதனை எதிர்பார்க்கவில்லை. அன்று நள்ளிரவில் ஆலையின் செயல்முறைக் கணினிகள் ஒருசேர நின்றன. இரண்டு மணி நேரத்திற்குப் பின், ஆத்திரேலியாவின் தாசுமேனியாவில் நள்ளிரவு ஆனபோது, அதே மென்பொருளைப் பயன்படுத்திய பெல் பே ஆலையிலும் இது நிகழ்ந்தது. டிவாய் பாயின்டில் வெப்பக் கட்டுப்பாடு இழந்த சில மின்பகுப்புக் கலங்கள் சேதமடைந்தன. ஒரே மென்பொருள் பல இயந்திரங்களில் இருந்தால் அவை அனைத்தும் ஒரே கணத்தில் நிற்கும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. ஒரே மாதிரியான பத்து இயந்திரங்களை வைத்துள்ள தொழிற்கூடத்திற்கும் இது பொருந்தும்.

சரிசெய்யும் முறைகள்

மின்கலத்தைச் சோதித்தல்

தேதி தவறுவதற்கு எளிய காரணம் தீர்ந்துபோன மின்கலமாக இருக்கலாம். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அதே பழைய தேதி தோன்றினால் மின்கலத்தையே முதலில் ஐயுற வேண்டும். பல பழைய கட்டுப்படுத்திகளில் கடிகாரத்திற்கும் சாயமிடும் நிரல்களைக் காக்கும் நினைவகத்திற்கும் ஒரே மின்கலமே ஆற்றல் தருகிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதனைக் கழற்றினால் நிரல்கள் அனைத்தும் அழியும். எனவே நிரல்களை முன்னரே படியெடுக்க வேண்டும். வசதியில்லையெனில் தாளிலாவது எழுதி வைக்க வேண்டும். மின்சாரம் உள்ளபோதே மின்கலத்தை மாற்றுமாறு பல கையேடுகள் கூறும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் இருக்கக்கூடும் என்பதால் இதனைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

டாலஸ் செமிகண்டக்டரின் டிஎஸ்12887 போன்ற சில்லுகளில் மின்கலம் உள்ளேயே மூடப்பட்டுள்ளது. இவற்றில் சில்லையே மாற்ற வேண்டும்.

28 ஆண்டுகள் பின்வைத்தல்

1901 முதல் 2099 வரை, கிழமைகளும் நெட்டாண்டுகளும் 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்புகின்றன. எனவே 2026 ஐ ஏற்காத கட்டுப்படுத்தியில் 1998 என அமைத்தால் தேதி, கிழமை இரண்டும் பொருந்தும்; சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருக்கும். 2028 இற்கு இணையான 2000 உம் நெட்டாண்டே. நிரலைத் தொடாமல், செலவின்றிச் செய்யக்கூடிய முறை இது.

எனினும் தனித்து இயங்கும் இயந்திரத்திற்கே இது ஏற்றது. பிற கணினிகளுக்குத் தரவு அனுப்பும் கட்டுப்படுத்தியிலும், கழிவுநீர்ப் பாய்வுமானியிலும் இதனைச் செய்யலாகாது. செய்த இடத்தில், காட்டப்படும் ஆண்டுடன் 28 ஐக் கூட்ட வேண்டும் என்னும் குறிப்பைப் பெட்டியின் மீது ஒட்டுவது இன்றியமையாதது.

சாளர முறை

இரு இலக்க ஆண்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு வரம்பைக் கொண்டு நூற்றாண்டை ஊகிப்பது சாளர முறை எனப்படும். சீமென்ஸ் எஸ்7-300, எஸ்7-400 கட்டுப்படுத்திகளின் தேதி-நேர வகையில் 90 முதல் 99 வரை 1990 களையும், 00 முதல் 89 வரை 2000 முதல் 2089 வரையிலான ஆண்டுகளையும் குறிக்கும். இம்முறை சிக்கலைத் தீர்ப்பதில்லை. அதன் நாளைத் தள்ளிப்போடுகிறது. எனவே வரம்பு ஆண்டு எது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

நிரலைத் திருத்துதல், கட்டுப்படுத்தியை மாற்றுதல்

மூல நிரல் கிடைக்குமாயின், முன்னர் கண்ட கழித்தல் முறைக்கு மாற்றுவதும் ஆண்டை நான்கு இலக்கங்களில் சேமிப்பதும் நிலையான தீர்வு. மூல நிரல் கிடைக்காத இடத்தில், தேதிப் பதிவை மட்டும் வெளியிலுள்ள ஒரு கணினிக்கு மாற்றி, இயந்திரத்தைப் பழைய கட்டுப்படுத்தியே இயக்கும்படி விடலாம். கால அளவே பிழையாகும் நிலையில் கட்டுப்படுத்தியை மாற்றுவதே வழி.

சோதனை

நிரல்களைப் படியெடுத்த பின், துணி ஏற்றாத இயந்திரத்தில் பின்வரும் நாட்களை அமைத்துச் சோதிக்கலாம்:

- ஆண்டின் இறுதி நள்ளிரவு
- 2028 பிப்ரவரி 28 இலிருந்து 29, அதிலிருந்து மார்ச் 1
- 2028 டிசம்பர் 31 (366 ஆம் நாள்)
- 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07

இறுதியாக உள்ளது, 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட் குறியுடைய எண்ணில் எண்ணும் முறையின் கடைசி நொடி ஆகும். அடுத்த நொடியில் இம்முறையைப் பின்பற்றும் கருவி 1901 டிசம்பருக்குத் திரும்பக்கூடும். ஒவ்வொரு நாளையும் இயந்திரம் இயங்கும்போது ஒரு முறையும், எல்லையைக் கடக்கையில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும்போது ஒரு முறையும் சோதிக்க வேண்டும். இரண்டிலும் விடை ஒன்றாக இருப்பதில்லை. சோதனை முடிந்ததும் சரியான தேதியை மீண்டும் அமைத்து, கண்டவற்றை இயந்திரத்தின் பராமரிப்பு ஏட்டில் எழுதுதல் நன்று. சரிசெய்தவர் பணி மாறிச் சென்ற பின்னரும் இயந்திரம் அங்கேயே இருக்கும்.

இவற்றையும் பார்க்க

- 2000 ஆம் ஆண்டுச் சிக்கல்
- 2038 ஆம் ஆண்டுச் சிக்கல்
- நெட்டாண்டு
- நிகழ்நேரக் கடிகாரம்
- திருப்பூர்