மடிச்சுக் கட்டுறதா, இறக்கி விடுறதா? வேட்டிக்குள்ள ஒரு மரியாதைக் கணக்கு!

முகூர்த்த நாளில் சேத்தியாத்தோப்புப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. முந்தின நாள் ரிசப்ஷனில் கோட், சூட்டோடு வியர்த்து வழிந்த மாப்பிள்ளை, காலையில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருப்பார். அது நழுவாமல் இருக்க மேலே ஒரு பெல்ட். நண்பர்கள் கூட்டம் ஒரே கலர் சட்டையும் வெல்க்ரோ வேட்டியும் போட்டிருக்கும். ஆமாம், 'போட்டிருக்கும்'னுதான் சொல்லணும், யாரும் கட்டலையே!

இவங்க தாத்தாக்களுக்கு வேட்டி விசேஷ உடை இல்லை. வயலுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். அப்போ எது ஃபார்மல்? கட்டுற விதம்தான். வேலைக்கு நாலு முழம், முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டு. விசேஷத்துக்குக் கஞ்சி போட்ட எட்டு முழம், கணுக்கால் வரைக்கும். மடிச்சுக் கட்டி நடந்து வர்றவர், எதிரே பெரியவரைப் பார்த்தால் சட்டென்று இறக்கி விடுவார். கைலி மட்டும் பாவம். குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்ததா இருந்தாலும் வீட்டோடு சரி.

கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனால், யார் யாருக்காக இறக்கி விட்டாங்கன்னு கேட்டால் அந்த அழகு போயிடும். பல ஊர்களில் பட்டியல் சாதியினர் தோளில் துண்டு போட முடியாது. ஆதிக்க சாதிக்காரர் எதிரே வந்தால் துண்டு இடுப்புக்குப் போகணும், செருப்பு கைக்கு வரணும். நல்ல துணி இருந்தும் உடுத்த முடியாத நிலை. அதனால்தான் 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கோயில், கிணறு, கடைகளோடு நிறுத்தவில்லை. தீண்டாமையைக் காரணமாக்கி ஒருவர் நகை போடுவதையும் நல்ல உடை உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று தனியாகவே சொன்னது.

இதை யோசிச்சால், படிச்சு வேலைக்குப் போன முதல் தலைமுறைக்கு பேன்ட் ஏன் அவ்வளவு பிடிச்சதுன்னு புரியும். பேன்ட்டில் இறக்கி விட எதுவும் இல்லை!

அந்த பேன்ட்டே பிறகு வேட்டியை வெளியே நிறுத்தியது தனிக்கதை. 2014 ஜூலையில், சென்னை சேப்பாக்கம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் வந்தார் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன். உடை விதியைச் சொல்லி அனுமதி மறுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து கிளப் வழக்கம் அது. சட்டமன்றம் வரை விஷயம் வெடித்து, அடுத்த மாதமே புதுச் சட்டம் வந்தது. வேட்டி அல்லது வேறு இந்தியப் பாரம்பரிய உடையில் வருபவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் உரிமமும் போகலாம். 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவிலும் பேன்ட், சட்டையோடு வேட்டிக்கும் இடம் கொடுத்தார்கள்.

நீதிபதியின் வேட்டிக்கு ஒரே மாதத்தில் சட்டம் கிடைச்சது. தோள் துண்டுக்கு எத்தனை தலைமுறை ஆச்சு?

சரி, மண்டபத்துக்கே திரும்புவோம். பந்தி நடக்கும்போது பரிமாறுற பசங்களைக் கவனிங்க. சாம்பார் வாளியோட, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டே பெரியவங்க இலை முன்னாடி போய் வர்றாங்க. "தம்பி, கொஞ்சம் ரசம்"னு கேட்கிறதைத் தவிர, யாரும் ஒண்ணும் சொல்றதில்லை.