வைக்கோலோடு எரிந்துபோகும் அரை மூட்டை யூரியா

பெரும்போக அறுவடை முடிந்ததும் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளில் புகை எழத் தொடங்கிவிடும். வைக்கோலைக் கொளுத்தினால் வயல் சீக்கிரம் உழவுக்குத் தயாராகும், சாம்பலும் உரமாகும் என்பது பலரின் கணக்கு. அந்தக் கணக்கில் நைதரசன் விடுபட்டுப்போகிறது.

எது போகிறது, எது தங்குகிறது?

நெற்பயிர் எடுத்துக்கொண்ட நைதரசனில் ஏறத்தாழ 40 சதவீதம் வைக்கோலில்தான் இருக்கிறது. எரிக்கும்போது அது அநேகமாக முழுவதும் வாயுவாகிப் போய்விடும். பொற்றாசியத்திலும் பொசுபரசிலும் பெரும்பகுதி சாம்பலில் தங்கும்.

ஏக்கருக்கு 2 தொன் வைக்கோல், தொன்னுக்கு 6 கிலோ நைதரசன் என்று வைத்தால் 12 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். ஆக, எரிவது சுமார் 26 கிலோ யூரியாவுக்குச் சமம்; 50 கிலோ மூட்டையில் பாதிக்கும் மேல். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது யூரியாவுக்கு அலைந்த கமக்காரருக்கு இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

எரித்த மண் ஏன் பச்சை பிடிக்கிறது?

கனடா, சுவீடன் போன்ற வடநாடுகளின் ஊசியிலைக் காடுகளில், எரிந்த மண்ணில் நடப்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தீக்குப் பின் மண்ணில் அமோனியம் கூடுகிறது, பக்டீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன, தளிர்கள் செழிக்கின்றன. ஆனால் மொத்த நைதரசன் இருப்பு குறைந்துவிடுகிறது. உறிஞ்ச வேரில்லாத இடத்தில் நைத்திரேற்றையும் மழை கழுவிப் போகிறது. பாசிகளோடு வாழும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தருகின்றன என்றாலும், ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 2 கிலோ அளவே. இழந்தது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். காட்டுக்கு அந்த அவகாசம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் வயலுக்கு இல்லை.

என்ன செய்யலாம்?

வைக்கோலைப் பரப்பி, ஈர மண்ணில் உழுது மட்க விடுவதே வழி. உடனே விதைத்தால் பயிர் மஞ்சளிக்கும். வைக்கோலில் காபன் மிகுதி என்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் முதலில் தாமே எடுத்துக்கொள்ளும். ஆகவே விதைப்புக்கு 2 முதல் 3 வாரம் முன்பே உழ வேண்டும். நோய் கண்ட வயலென்றால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

உழுவதற்குத் தண்ணீர் வேண்டும். சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்காலுக்கு நீர் வரும் நாள் தனிக் கமக்காரரின் கையில் இல்லை. நீர் திறப்பதற்கும் விதைப்பதற்கும் இடையே இரண்டு வாரமாவது விட வேண்டும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே நாம் கேட்டுப் பெற வேண்டும். அந்த இடைவெளி கிடைத்தால், தீக்குச்சியை எடுக்க வேண்டிய அவசரம் பலருக்கு இருக்காது.