சகன் சோறு மெல்ல ஆறுவது ஏன்?

வெலிங்டனுக்கு அண்மையில் குடிவந்த நண்பர் ஒருவர் காயல்பட்டினத்துக்காரர். நோன்புப் பெருநாளன்று எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார். அகன்ற தாம்பாளத்தில் நெய்ச்சோறு குவியலாக வந்தது. சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தோம். முதல் கவளத்திலேயே அரிசி நடுவில் 'நறுக்'கென்றது. நண்பரின் முகம் வாடிவிட்டது. "ஊர்ல இதே தண்ணீர், இதே நேரம்தான் சார். ஒருநாளும் இப்படி ஆனதில்லை" என்றார். விருந்தாளிக்கு வேகாத சோறு போட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு.

குற்றம் அவருடையது அன்று, மலையினுடையது. வெலிங்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. காயல்பட்டினமோ கடற்கரை ஊர். உயரம் கூடக்கூட நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அளவு குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. நீரின் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போதுதான் நீர் கொதிக்கும். வெளியழுத்தம் குறைவாயிருந்தால் சீக்கிரமே கொதித்துவிடும். ஆகவே காயல்பட்டினத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர் இங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் அதிகம் போகும், வெப்பநிலை ஏறாது. ஆறு டிகிரி அற்பம் என்று எண்ணாதீர்கள். அரிசியின் மாவுப்பொருள் வேகும் வேகம் வெப்பநிலையோடு விரைந்து மாறுவது. பருப்பும் இறைச்சியும் இன்னும் பிடிவாதம் பிடிக்கும்.

"மூடியைச் சுற்றி மாவு பூசி தம் போட்டேனே?" என்று கேட்டார் நண்பர். மாவுப் பூச்சு ஆவியையும் மணத்தையும் காக்கும். ஆனால் அழுத்தத்தைத் தாங்காது. சற்றே அழுத்தம் ஏறினாலும் எங்காவது விரிசல் விட்டு ஆவி வெளியேறிவிடும். பிரஷர் குக்கரின் எடையுள்ள மூடிவால்வுதான் அழுத்தத்தை நிறுத்தி, இங்கும் உள்ளே சுமார் 117 டிகிரியைத் தருகிறது.

இனி அந்தத் தாம்பாளத்துக்கு வருவோம். அதற்குச் 'சகன்' என்று பெயர். தட்டைக் குறிக்கும் அரபுச் சொல் அது. அரபு வணிகர்களோடு நீண்ட தொடர்புடைய காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் கல்யாண விருந்தில் சிலர் கூடி ஒரு சகனில் உண்பார்கள். இலங்கை முஸ்லிம்களிடம் ஒரு சகனுக்கு ஆறு பேர் என்பது வழக்கம்.

ஆறு பேர் சோற்றை ஆறு தட்டில் வைத்தாலென்ன, ஒரே குவியலாக வைத்தாலென்ன? சூடு வெளியேறுவது மேற்பரப்பின் வழியாக. ஒரே வடிவமுள்ள குவியலை ஆறு மடங்கு பெரிதாக்கினால் பரப்பு ஆறு மடங்காவதில்லை, 3.3 மடங்குதான் ஆகிறது. ஆறு தனித்தட்டுகளை விட ஏறக்குறைய பாதிப் பரப்பே காற்றில் படுகிறது. போதாக்குறைக்குப் பருக்கைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று, கம்பளியைப் போல் வெப்பத்தைத் தடுக்கிறது.

அவரவர் தம் பக்கத்திலிருந்து எடுத்து உண்ண வேண்டும், நடுவில் கைவைக்கக் கூடாது என்பது சகனில் கண்டிப்பான மரியாதை. ஓரத்துச் சோறுதான் முதலில் ஆறுவது. அதைத்தான் முதலில் உண்கிறோம். நடுச்சோறு அதுவரை கதகதப்பாகவே காத்திருக்கிறது. ஒழுக்கத்துக்காக ஏற்பட்ட வழக்கம்தான். பௌதிகமும் அதற்கு ஒத்துப்போகிறது!

அரபு நாட்டுக் காப்பியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 'தல்லா' என்னும் கூஜாவிலிருந்து, பிடியில்லாத சிறு கிண்ணத்தில் கால் பங்குதான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சிறு கிண்ணம் விரைவில் ஆறும். அதனால் ஆறுமுன் குடிக்கும் அளவே ஊற்றி, மீண்டும் மீண்டும் நிரப்புகிறார்கள். மிச்சமெல்லாம் தணலருகே கூஜாவில் சூடாக இருக்கும். போதுமென்றால் வாய் திறக்க வேண்டாம். கிண்ணத்தை லேசாக ஆட்டினால் போதும். இவ்வழக்கத்தை யுனெஸ்கோ 2015-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அக்காப்பிக்கு மணம் தரும் ஏலக்காயின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவே: அரிசியை அரைமணி கூடுதலாக ஊறவையுங்கள், தண்ணீரைச் சற்று அதிகம் விடுங்கள், தம்மில் சிறு தீயில் நீண்ட நேரம் விடுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளன்று மீண்டும் அழைப்பு வந்தது. அதே நான்கு பேர், அதே சகன். சோறு பூவாக மலர்ந்திருந்தது. நடுக்குவியலை எட்டும்போதும் ஆவி பறந்தது.