மெதுவான வலையமைப்பும் எடுக்கப்படாத இரண்டாம் நகலும்

கேகாலை மாவட்டத்தில் றப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஆவணக் கந்தோர். கணினிகள் மூன்று. ஸ்கேன் செய்யும் கணினி விண்டோஸ். கோப்புகளைச் சேர்த்து வைக்கும் கணினி உபுண்டு லினக்ஸ். படங்களைத் திருத்தும் கணினி யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய மெக். ஊரார் வீடுகளில் கிடந்த அறபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளும், தோட்டக் குடும்பங்கள் றங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ்களும் செக்ரோல் துண்டுகளும் அங்கே படமாக்கப்படுகின்றன.

நான் போன அன்று, லயத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தன் தகப்பனார் பெயருள்ள பழைய தாளின் நகல் அவருக்கு வேண்டும். "இன்னும் வரலீங்களா ஐயா? மூணு மணி பஸ்ஸ விட்டா நடந்துதான் போகணும்" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். கணினிக்கு முன்னால் இருந்த தங்கச்சி என்னைப் பார்த்து, "நானா, எங்கட மெஷின் நல்லாத்தான் ஈக்கிது. அந்த லினக்ஸ்தான் இழுக்குது" என்றார். லினக்ஸ் தெரிந்தவரைக் கேட்டால் விண்டோஸைக் குறை சொல்வார். மெக்காரர் இரண்டையும் சொல்வார்.

அந்தத் தாள் சும்மா தாளல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம், அதே திகதி முதல் இலங்கையில் வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. தகப்பனார் அன்று எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதைச் சொல்லும் ஒரு துண்டுத் தாளுக்கு இருக்கும் பெறுமதி இதிலிருந்து விளங்கும்.

எனவே கோப்பு ஏன் மெதுவாக வருகிறது என்று பார்ப்போம். எந்தக் கணினியையும் திட்டுவதற்கு முன்னர் கணக்கொன்று போட வேண்டும்.

ஏ4 தாள் ஒன்றை 300 புள்ளி நுணுக்கத்தில், வர்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். 200 பக்க நூலொன்று 5.2 கிகாபைட். வலையமைப்பின் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள். எட்டால் வகுத்தால்தான் பைட் வரும். அதிலும் கொஞ்சம் வழிச்செலவாகப் போய்விடும். ஆகவே 1000 மெகாபிட் இணைப்பில் ஒரு வினாடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். நூல் ஒரு நிமிடத்துக்குள் வந்து சேரும். 100 மெகாபிட்டில் வினாடிக்கு 11, எட்டு நிமிடம். 10 மெகாபிட்டில் ஏறத்தாழ எண்பது நிமிடம். உங்கள் கந்தோரில் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தால், நோய் எந்த இடத்தில் என்பது பாதி தெரிந்துவிடும்.

முதற் சோதனை பெயர் பற்றியது. கோப்புறையைத் திறக்க நெடுநேரம் எடுத்து, திறந்த பின் கோப்பு வேகமாக வந்தால், பாதையில் பழுதில்லை. முகவரி தேடுவதில்தான் தாமதம். கணினியின் பெயருக்குப் பதிலாக அதன் ஐ.பி. எண்ணைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். உடனே திறந்தால், அந்த எண்ணை நிலையாக்கிப் பெயரோடு இணைத்துவிட்டால் போதும்.

இரண்டாவது, கம்பி. பொதுவான கேபிளுக்குள் நான்கு சோடிக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். 1000க்கு நான்கும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத சோடியில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் சாவதில்லை. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எலியும் ஈரமும் உள்ள நமது பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். இணைப்பு எந்த வேகத்தில் நிற்கிறது என்பதை விண்டோஸில் வலையமைப்பு நிலைப் பெட்டி காட்டும். லினக்ஸில் ஈத்ரூல் என்ற கட்டளை காட்டும். ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருள் வட்டைத் தொடாமல் கம்பியை மட்டும் அளக்கும். கம்பி வேகமாக இருந்தும் கோப்பு மெதுவாக வந்தால், பழுது வட்டிலோ மென்பொருளிலோ இருக்கிறது. இன்னொன்று: ஒரு முனையின் வேகத்தைக் கையால் பூட்டி, மறுமுனையைத் தானியங்கியாக விட்டால், மறுமுனை அரை இருவழி நிலைக்கு இறங்கிவிடும், பொதிகள் மோதி வேகம் நொறுங்கும். இரண்டு முனையையும் தானியங்கியாகவே விடுவது நல்லது.

அந்தக் கந்தோரில் அளந்தபோது 94 மெகாபிட் வந்தது. சுவர் ஓரத்துக் கேபிளை மாற்றியதும் 940க்கு ஏறியது. பெரிய கோப்பு பறந்தது. அம்மாவின் தாள் கிடந்த கோப்புறையோ பழையபடி ஊர்ந்தது.

மூன்றாவது, பேசும் பாஷை. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை எஸ்.எம்.பி.; 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. அந்தப் பாஷையை யுனிக்ஸ் கணினிகளுக்குப் பேசப் பழக்கியவர் அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிட்ஜெல். கம்பியில் போகும் பொதிகளைக் கவனித்தே அவர் 1990களின் தொடக்கத்தில் அதைச் செய்தார். அந்த மென்பொருளின் பெயர் சம்பா. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர், நமது அரிசியோடு தொடர்பில்லை. இந்தப் பாஷையின் முதற் பதிப்பு வாயாடி: சின்ன விடயத்துக்கும் பல தடவை போய்வந்து கேட்கும். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகளை 19 ஆகக் குறைத்தது. பல கேள்விகளைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பவும் இடம் தந்தது.

கந்தோரில் யாரோ ஒருவர், பழைய போட்டோப் பிரதி இயந்திரத்துக்கு வசதியாக, சம்பாவை முதற் பதிப்போடு நிறுத்தி வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கிடக்கும் கோப்புறை திறக்காததற்கு அதுதான் காரணம். அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை எடுத்ததும் பட்டியல் உடனே வந்தது. வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை: 2017 மே மாதம் உலகமெங்கும் கோப்புகளைப் பூட்டிய வான்னாக்ரை பரவியதும் முதற் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பிரதி இயந்திரத்தின் கோப்புகளை யூ.எஸ்.பி.யில் எடுத்தால் போகிறது.

நான்காவது, சின்னக் கோப்புகள். ஒரே அளவாயினும் ஒரு பெரிய கோப்பை விட ஐயாயிரம் சிறிய கோப்புகள் நேரமெடுக்கும்; ஒவ்வொன்றையும் திறந்து, எழுதி, மூட வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருளும் ஒவ்வொன்றையும் மணந்து பார்க்கும். ஒரு நூலின் பக்கங்களை ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவது இலேசான வழி.

ஐந்தாவது நமது எழுத்துக்கே உரியது. யுனிகோட்டில் 'கோ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டச்சு செய்யும்போது வழமையாக ஒன்றாக வரும். பழைய மெக்கின் வட்டமைப்பு பிரித்தே வைக்கும். மெக்கிலிருந்து ஆர்சிங்க் மூலம் லினக்ஸுக்கு நகல் எடுத்தால், 'கோப்பு' என்ற பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தும் இல்லாததாகத் தோன்றி, அத்தனையும் மறுபடி போய் இரட்டிப்பாகச் சேரும். அந்தத் தங்கச்சி ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான் காத்திருந்தார். ஆர்சிங்கில் எழுத்து மாற்றும் விருப்பத்தேர்வு உண்டு. நாங்கள் கோப்புப் பெயர்களை எண்களாக்கி, தமிழ்த் தலைப்பைப் பட்டியலில் வைத்தோம்.

ஒன்றை மாற்றினால் மறுபடி அளந்துவிட்டே அடுத்ததை மாற்ற வேண்டும். ஐந்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

அந்த அம்மாவுக்கு மூன்று மணி பஸ் கிடைத்தது. ஆனால் எனக்கு அன்று கவலை தந்தது வேறொன்று. இரண்டாம் நகல் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டபோது, "மூணு மாசமா எடுக்கல்ல நானா, போட்டா அந்தியாகுது" என்றார் தங்கச்சி. 2003இலும் 2017இலும் மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்து ஊரை மூடியது. மெதுவான வலையமைப்பு எந்தக் கோப்பையும் அழிப்பதில்லை. காத்திருந்து சலித்தவர் நகல் எடுப்பதை விட்டுவிடுகிறார். அழிப்பது அதற்குப் பின் வரும் மழை. இப்போது அங்கே வெள்ளிக்கிழமை காலையில் நகல் போடுகிறார்கள். கந்தோர் மூடுவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த வட்டு வேறு ஊரில், மேட்டு நிலத்திலுள்ள ஒரு வீட்டுக்குப் போகிறது.